இரவு 10.30-க்குப் பதிந்த கார் அதிகாலை 4 மணிக்கு வருவது ஏன்? செயலிகளில் தேதியும் நேரமும் இணையும் விதம்

பெங்களூரு: பொங்கலுக்குச் சேலம் செல்லவிருக்கும் குடும்பம் ஒன்று, பெங்களூருவிலிருந்து வாடகைக் காரைச் செயலி வழியாக முன்பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். நாட்காட்டியில் ஜனவரி 13 தேர்ந்தெடுக்கப்படுகிறது. அடுத்துத் தோன்றும் கடிகாரத்தில் இரவு 10.30 மணி குறிக்கப்படுகிறது. பயனருக்கு இது ஒரே தகவல். செயலிக்கோ தனித்தனியாகக் கிடைத்த இரண்டு விடைகள். இரண்டையும் ஒரே மதிப்பாக்கும் சில வரி நிரலில் பிழை நேர்ந்தால், குடும்பம் பெட்டிகளுடன் வாசலில் காத்திருக்க, கார் மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் வந்து நிற்கும்.

அந்த 4 மணி தற்செயலானது அன்று.

ஐந்தரை மணி நேர வேறுபாடு

கணினிகள் பெரும்பாலும் நேரத்தை ஒற்றை எண்ணாகவே சேமிக்கின்றன. யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி, 1970 ஜனவரி 1 தொடங்கிய நள்ளிரவிலிருந்து கடந்துள்ள விநாடிகள் அல்லது மில்லி விநாடிகளின் எண்ணிக்கையே அது. இந்திய நேரம் யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது.

ஆண்ட்ராய்டு செயலிகளில் பரவலாகப் பயன்படும் 'மெட்டீரியல்' தேதித் தேர்வி, பயனர் தேர்ந்த நாளை அந்நாளின் யுடிசி நள்ளிரவுக்குரிய மில்லி விநாடி எண்ணாகத் தருகிறது. நேரத் தேர்வியோ 22, 30 என மணியையும் நிமிடத்தையும் மட்டுமே தருகிறது; அதில் நாளும் இல்லை, நாடும் இல்லை. இந்த 22 மணி 30 நிமிடத்தை மில்லி விநாடிகளாக்கி முதல் எண்ணுடன் அப்படியே கூட்டினால் கிடைப்பது யுடிசிப்படி இரவு 10.30. இந்தியக் கடிகாரத்தில் அது 14-ஆம் தேதி அதிகாலை 4 மணி.

குளிர்காலத்தில் லண்டனில் அமர்ந்து சோதிப்பவருக்கு இப்பிழை கண்ணில் படாது. அங்கு அப்போது உள்ளூர் நேரமும் யுடிசியும் ஒன்றே. பெங்களூருவில் முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும். திரையில் காரணமின்றி 5.30 அல்லது 18.30 தென்பட்டால், இந்திய நிரலாளர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது நேர மண்டலத்தையே.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் குழப்பம் சற்று அதிகம். '2026-01-13' எனத் தேதியை மட்டும் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாகக் கொள்கிறது. உரிய வடிவில் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. எண்களைத் தனித்தனியே கொடுக்கும்போது ஜனவரிக்கு 0 என்று எழுத வேண்டும். 1 என்றால் பிப்ரவரி.

எப்படி இணைப்பது?

இரு எண்களைக் கூட்டுவது அன்று, உறுப்புகளைக் கோப்பதே சரியான வழி. தேதியிலிருந்து ஆண்டு, மாதம், நாள், நேரத்திலிருந்து மணி, நிமிடம் ஆகிய ஐந்தையும் எடுத்து, 'ஆசியா/கொல்கத்தா' என்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே ஒரு கணத்தை உருவாக்க வேண்டும். அதன் பிறகே யுடிசிக்கு மாற்றிச் சேமிக்கலாம். 2014-இல் வெளியான ஜாவா 8, தேதிக்கும் நேரத்துக்கும் இரண்டும் சேர்ந்ததற்கும் தனித்தனி வகைகளை அளித்தது. பைத்தானில் 'கம்பைன்' என்ற செயற்கூறு உள்ளது. 12 மணி நேரக் கடிகாரமாக இருந்தால் நள்ளிரவு 12.30 என்பதை 0.30 ஆக மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் கார் பகல் 12.30-க்கு வரும்.

யாருடைய மண்டலம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் பெங்களூரு விமான நிலையத்துக்கு இரவு 10.30 மணிக்குக் கார் பதிவு செய்யும்போது, செயலி அவரது கைப்பேசியின் மண்டலத்தை எடுத்துக்கொண்டால் கார் இரவு 8 மணிக்கே வந்துவிடும். ஏறும் இடத்தின் நேரமே கணக்கில் வர வேண்டும்.

மண்டலத்தை 5.30 என்ற எண்ணாக எழுதாமல் ஊர்ப் பெயராக எழுதுவதற்கும் காரணம் உண்டு. இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முதலில் யுடிசியைவிட 6.30 மணி நேரமும், அதே ஆண்டில் பின்னர் 6 மணி நேரமும் முந்தியதாக மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் 5.30-க்குத் திரும்பியது. 'ஆசியா/கொழும்பு' என்ற பெயருக்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் கணினியில் பதிவாகியுள்ளது. 2005-இல் கொழும்பில் பிறந்த குழந்தையின் நேரத்தை இன்றைய 5.30-ஐ வைத்துக் கணக்கிடும் ஜாதகச் செயலி, அரை மணி நேரம் தவறிய ஜாதகத்தையே கணித்துத் தரும்.