ஹாலே: ஒரு ஜெர்மானியப் பல்கலைக்கழக நகரும் தமிழும்

ஜெர்மனியில் தமிழோ இந்தியவியலோ கற்பிக்கப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசுமிடத்து ஹைடல்பர்க், கொலோன் ஆகிய பெயர்களே நம்மிடையே முதலில் எழுவது வழக்கம். அவற்றைக் காட்டிலும் காலத்தால் முற்பட்ட தமிழ்த் தொடர்பினையுடைய ஹாலே நகர், அச்சுக்கலை வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகவே நம் பாடநூல்களில் நின்றுவிடுகின்றது. அந்நகரைச் சற்று விரிவாக அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலே, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில், சாலே ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. மக்கள் தொகை ஏறத்தாழ 240,000. அருகிலுள்ள லைப்சிக் நகரோடு ஒப்பிட இது நடுத்தர நகரே. இடைக்காலத்தில் இதனைச் செல்வச் செழிப்புடையதாக்கியது உப்பு. நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த தொழிலாளர்களின் வழிவந்தோர் 'ஹல்லோரன்' என்னும் பெயரால் இன்றும் தம் மரபைப் பேணி வருகின்றனர். இசையறிஞர் ஹெண்டல் 1685இல் பிறந்ததும் இங்குத்தான்.

ஹாலேப் பல்கலைக்கழகம் 1694இல் நிறுவப்பட்டது. 1502இல் தோன்றிய விட்டன்பர்க் பல்கலைக்கழகம் 1817இல் இதனோடு இணைக்கப்பட்டமையால் இன்று இது ஹாலே-விட்டன்பர்க் மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகம் எனப்படுகின்றது. இலத்தீனே கல்விமொழியாக இருந்த காலத்தில், தாய்மொழியாகிய ஜெர்மனில் விரிவுரை நிகழ்த்தித் துணிந்த கிறிஸ்தியான் தொமாசியுஸ் லைப்சிக்கிலிருந்து வெளியேறி வந்து சேர்ந்தது இந்நகருக்கே. தாய்மொழிவழிக் கல்வி குறித்து ஓயாது வாதிடும் நமக்கு அவர் வரலாறு பயன் தரக்கூடியது. எனினும் இங்கு நிலவிய சிந்தனையுரிமைக்கும் எல்லை இருந்தது. சீன அறநெறியைப் போற்றி உரையாற்றிய மெய்யியலாளர் கிறிஸ்தியான் வோல்ஃப், சமயவாணர்களின் எதிர்ப்புக்கு ஆளாகி, 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு நீங்காவிடில் தூக்கு என்னும் அரச ஆணையால் 1723இல் துரத்தப்பட்டார். 1740இல் புதிய அரசர் அவரை மீள அழைத்துக்கொண்டார். ஜெர்மனியில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய தொரோத்தேயா எர்க்ஸ்லேபன் 1754இல் அப்பட்டத்தைப் பெற்றதும் இப்பல்கலைக்கழகத்திலேயாம்.

வோல்ஃபை எதிர்த்தோருள் முன்னின்றவர் அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. தமிழுக்கும் ஹாலேக்கும் பாலமிட்டவரும் அவரே என்பது வரலாற்றின் முரண். நகரின் புறத்தே இருந்த கிளௌகா என்னும் வறிய குடியிருப்பில் அவர் சமயகுருவாகப் பணியாற்றினார். ஏழைச் சிறுவர்க்கான பள்ளியொன்றை அங்குத் தொடங்கிய அவர், 1698இல் ஆதரவற்றோர் இல்லத்திற்கு அடிக்கல் நாட்டினார். பள்ளிகள், அச்சகம், புத்தகக் கடை, மருந்தகம் என அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. அச்சகமும் மருந்தகமும் ஈட்டிய பொருள் கல்விப் பணிக்குத் துணை நின்றது.

ஹாலேயில் சிறிது காலம் பயின்ற பார்த்தொலோமேயு சீகன்பால்க், டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706 ஜூலையில் தரங்கம்பாடியை அடைந்தார். அங்கிருந்து அவர் எழுதியனுப்பியவை பிராங்கேயின் நிறுவனத்தில் வந்து குவிந்தன. தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் அவர் எழுதிய விளக்கப் பட்டியல், அக்காலத்தில் கடற்கரைச் சோழநாட்டில் எந்நூல்கள் புழங்கின என்பதற்கு அரிய சான்றாகும். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய திண்ணைப் பள்ளி நூல்களையும் அவ்வாண்டிலேயே அவர் ஜெர்மனில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு அச்சேறியதோ 1930இல்தான்.

ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. தமிழ் அச்சின் தொடக்கம் இதுவே எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. மேலும், ஹாலே எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியமையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொள்ள நேர்ந்தது. சீகன்பால்க் கப்பற் பயணத்தின்போது இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. நன்னூல் நெறியினின்று விலகி, மக்கள் வழங்கிய மொழியைப் பிறமொழியாளர்க்குக் கற்பிக்க முற்பட்ட நூல் அது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதன் பாட ஒழுங்கை ஒருமுறை நோக்குதல் தகும்.

ஆயினும், ஹாலே அச்சிட்டவற்றைக் காட்டிலும் அச்சிட மறுத்தவையும் இழந்தவையுமே நம் கவனத்திற்குரியன என்பது எமது கருத்து. தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்துச் சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த விரிவான நூலைப் பிராங்கே வெளியிடவில்லை. பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்தம் நோக்கு. அந்நூல் 1867இல் சென்னையில், பதிப்பாசிரியரின் மாற்றங்களோடு வெளிவந்தது. மூல வடிவத்தைத் தமிழறிஞரான டேனியல் ஜெயராஜ் பதிப்பிக்க, 2003இல் அதே பிராங்கே நிறுவனம் வெளியிட்டது. 290 ஆண்டுகள் கழிந்து நிறைவேறிய வெளியீடு அது.

தமிழர் எழுதிய மடல்களின் கதை இத்தகைய நிறைவை எய்தவில்லை. சமயம், குடும்பம், கல்வி, மருத்துவம் முதலியன பற்றிச் சீகன்பால்கும் அவருடன் பணியாற்றிய கிருண்ட்லரும் எழுப்பிய வினாக்களுக்குத் தமிழர் விடையிறுத்த 99 மடல்கள், 1714, 1717 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக ஹாலேயில் அச்சாயின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத் தமிழ் உரைநடைக்கு அவற்றினும் நேரிய சான்று கிடைத்தல் அரிது. ஆனால் தமிழ் மூலங்கள் மறைந்து போயின. எழுதியோர் எச்சொல்லைக் கையாண்டனர், எதனைப் 'பாவம்' என்றனர், எதனை 'அறம்' என்றனர் என்பதை ஜெர்மன் சொற்களின் பின்னிருந்து ஊகிக்கும் நிலையிலேயே நாம் உள்ளோம். அவ்வூகங்களையும் பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கொண்டே செய்கிறோம்.

எஞ்சியவை இன்று நற்காப்பில் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் ஹாலே பிற ஜெர்மானிய நகரங்கள் அளவிற்கு அழியவில்லை. 1946இல் கலைக்கப்பட்ட பிராங்கே நிறுவனம், ஜெர்மனி ஒன்றிணைந்தபின் 1990களின் தொடக்கத்தில் மீட்டமைக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மானிய ஆட்சி அதன் வாயிலின் முன்னே எழுப்பிய மேம்பாலச் சாலை இன்றும் அவ்வளாகத்தை நகரினின்று பிரித்து நிற்கின்றது. உள்ளே 1728இல் எழுந்த நூலகக் கட்டடமும், ஏறத்தாழ 3,000 பொருள்கள் கொண்ட அரும்பொருட் கூடமும், தமிழ் ஓலைச்சுவடிகளும், தரங்கம்பாடிக் கடிதங்களும் உள்ளன.

அவற்றை நாடிச் செல்ல விழையும் நம் மாணவர்க்கு ஜெர்மன் மொழியறிவு மட்டும் போதாது. அக்கடிதங்களின் கையெழுத்து இன்றைய ஜெர்மானியரே பயிற்சியின்றிப் படிக்கவியலாத பழைய கூட்டெழுத்து வகையைச் சார்ந்தது. ஆய்வைத் தொடங்குமுன் அதனைப் பயில ஓராண்டேனும் ஒதுக்குதல் வேண்டும். மூன்றாண்டு உதவித்தொகையில் முனைவர் பட்டத்தை முடிக்குமாறு வற்புறுத்தும் துறைகள் அவ்வோராண்டை எக்கணக்கில் சேர்க்கப் போகின்றன என்பது தீர்க்கப்பட வேண்டிய வினா.