நெஞ்சைப் பிளந்து பார்த்தவர் யார்?

 

 

உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் துப்பாக்கியை ஏந்தி, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத மக்களைச் சுட்டு வீழ்த்துகிறான். அச்செய்தி நம் இல்லங்களை எட்டியதும் இரண்டு கேள்விகள் முந்திக்கொண்டு எழுகின்றன. ஏன் செய்தான்? எப்படிச் செய்தான்? இறந்தவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்விகள் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. முஸ்லிம் இல்லங்களில் இன்னொரு கேள்வியும் ஓசையின்றி எழுவதுண்டு. அவன் பெயர் என்ன? அது ஒரு முஸ்லிம் பெயராக இருந்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அக்கேள்வி.

இவ்வாறு கேட்பது மனித இயல்பு, பாவமல்ல. ஆனால் உண்மையான விடை வருமுன்பே நாமே ஒரு விடையைச் சமைத்து, அதை நாலு பேருக்குப் பரிமாறுவது என்ன தீங்கை விளைவிக்கும் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு கொடுமையை எடுத்துக்கொள்வோம்.

லாஸ் வேகாஸில் நடந்தது

நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்போன நகரம். 2017 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு, அங்கு ஒரு திறந்தவெளி இசை விழாவில் ஏறத்தாழ 22,000 பேர் கூடியிருந்தனர். எதிரிலிருந்த மாண்டலே பே விடுதியின் 32ஆம் தளத்திலிருந்து இரவு 10.05 மணிக்குக் குண்டுகள் பாயத் தொடங்கின. சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள்! 58 பேர் அப்போது உயிரிழந்தனர். அக்காயங்களால் பின்னாளில் இறந்த இருவரையும் சேர்த்துப் பலியானோர் 60 பேர். நெரிசலில் காயமுற்றோர் உட்பட 800க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

சுட்டவன் 64 வயது அமெரிக்கன். காவல்துறையினர் அறைக்குள் நுழைந்தபோது அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தான். ஏன் இப்படிச் செய்தேன் என்று எழுதிவைத்த கடிதம் எதுவும் இல்லை. மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. அதன் படம் வெளியே கசிந்ததும், அது அவனுடைய வாக்குமூலம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அதிலிருந்தவை வெறும் எண்கள்!

முளைத்த யூகங்கள்

விடிவதற்குள் சமூக ஊடகங்களில் ஒருவரைக் கொலையாளி என்று அறிவித்துவிட்டனர். கொலைகாரனின் தோழிக்கு முன்னாளில் கணவராக இருந்தவர் என்பது மட்டுமே அவருக்கு இருந்த தொடர்பு. அவருடைய பேஸ்புக் பக்கத்தைத் துழாவி, எந்தக் கட்சியை விரும்புகிறார், யாரை வெறுக்கிறார் என்று ஆராய்ந்து, இன்ன காரணத்துக்காகவே சுட்டார் என்று தீர்ப்பும் எழுதினர். அந்தப் பொய் கூகுளின் தேடல் பக்கத்திலேயே செய்தியாகத் தலைகாட்டியது. அவரோ ஒரு பாவமும் அறியாதவர்.

மறுநாள் ஐ.எஸ். இயக்கம், அவன் சில மாதங்களுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவியவன், தங்கள் படைவீரன் என்று உரிமை கொண்டாடியது. அவனுக்கு ஓர் அரபுப் பெயரையும் சூட்டியது. சர்வதேசப் பயங்கரவாத அமைப்பு எதனுடனும் அவனுக்குத் தொடர்பு தெரியவில்லை என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அன்றே அறிவித்தது. பின்னர் நடந்த விசாரணைகளிலும் அத்தகைய தொடர்பு கண்டறியப்படவில்லை. ஆயினும் அந்த வாசகம் உலகெங்கும் பரவிவிட்டது.

அடுத்து, சுட்டவர்கள் பலர் என்ற பேச்சு கிளம்பியது. இது எப்படிப் பிறந்தது என்பது கவனிக்கத் தக்கது. குண்டுச் சத்தம் உயர்ந்த கட்டடங்களில் மோதி எதிரொலித்ததால் அது எங்கிருந்து வருகிறது என்று மக்களுக்குப் புலப்படவில்லை. உயிர் பிழைக்க ஓடியவர்கள் பக்கத்து விடுதிகளில் நுழைந்தனர். இரத்தம் தோய்ந்த ஆடையுடன் வருவோரைக் கண்டவர்கள், இங்கேயும் சுடுகிறார்கள் என்று காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தனர். அச்சத்தில் சொன்ன அவர்கள் பொய்யர்களல்லர். ஆனால் அந்த அழைப்புகளை மறுநாள் நிதானமாகக் கோத்து, உண்மையை அரசு மறைக்கிறது என்று கதை புனைந்தவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

விடுதிக் காவலர் ஒருவர் எந்த நேரத்தில் சுடப்பட்டார் என்பதில் அன்றைய ஷெரிஃப் ஜோசப் லம்பார்டோ, முதலில் சொன்னதை இரண்டு வாரங்களுக்குள் ஒருமுறைக்கு மேல் திருத்தினார். உடனே, பேச்சை மாற்றுகிறார்கள், ஏதோ சூழ்ச்சி என்றனர். விசாரணை வளர வளர விவரம் திருந்துவது இயல்பு. தவறைத் திருத்தியவரைச் சந்தேகித்து, தவறை ஒருபோதும் திருத்தாத வதந்தியை நம்பினார்கள்!

விசாரணை சொன்ன விடை

லாஸ் வேகாஸ் காவல்துறை 2018 ஆகஸ்டில் 187 பக்க இறுதி அறிக்கையை வெளியிட்டது. அவன் தனியாகவே செயல்பட்டான் என்றும், திட்டவட்டமான காரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்றும் அது கூறிற்று. 2019 ஜனவரியில் எஃப்.பி.ஐ.யின் நடத்தை ஆய்வுக் குழுவும் தனித்த, தெளிவான ஒரே காரணம் இல்லை என்றே முடிவுரைத்தது. உடல்நலமும் மனநலமும் குன்றி வந்தது, தன் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம், இழிபுகழ் மீதான நாட்டம் ஆகியவற்றை அது சுட்டியது. மதமோ அரசியல் கொள்கையோ அவனை இயக்கியதாக அது காணவில்லை. அவனது மூளையைக்கூட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். அதிலும் இச்செயலுக்கு விளக்கம் கிட்டவில்லை.

அவனுடைய வங்கிக் கணக்கையும் கணினியையும் சூதாட்டத்தையும் உறவுகளையும் ஓராண்டுக்கு மேல் துருவியவர்கள், எங்களுக்கு முழுமையாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். பத்தாயிரம் மைல்களுக்கு அப்பால் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்களுக்கோ பத்தே நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது!

நானும் தப்பவில்லை

அந்த அக்டோபர் 6ஆம் நாள் ஜும்ஆ முடிந்ததும் ஓர் இளைஞர் கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அவன் முஸ்லிமாகிவிட்டவனாமே, உண்மையா?" என்று கேட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் இல்லை தம்பி! நம்மைக் குறை சொல்ல அவர்களே நடத்திக்கொண்ட நாடகம்" என்றார். அந்தப் பதில் என் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. நான் தலையசைத்தேன்.

எதை வைத்துத் தலையசைத்தேன்? என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அறுபது வீடுகளின் துயரத்தை நாடகம் என்று சொன்ன பேச்சுக்கு, மிம்பரிலிருந்து இறங்கிய சற்று நேரத்தில் நான் சாட்சியாகிவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக! யூகம் எப்படிப் பிறக்கிறது என்பதை அன்று என்னிடமே கண்டேன். நமக்கு வேண்டாத விடையிலிருந்து தப்பிக்க, வேண்டிய விடையைப் பற்றிக்கொள்கிறோம். முஸ்லிம்களை வெறுப்பவன் அவனை முஸ்லிமாக்குகிறான். அரசை வெறுப்பவன் அரசின் சதி என்கிறான். இன்னொருவன் பைத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்து, மனநோயால் வாடும் எத்தனையோ அப்பாவிகளையும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களையும் காயப்படுத்துகிறான்.

யூகத்தின் அம்பு யாரைத் தைக்கிறது?

அதே 2017ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று, கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கு வந்தோர் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காயம்பட்டவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த மொராக்கோ வம்சாவளி மாணவர் ஒருவர், ஆயுதத்துடன் வந்த காவலரைக் கொலைகாரன் என்று அஞ்சி ஓடினார். காவல்துறை அவரைப் பிடித்தது. சில மணி நேரத்தில் அவர் வெறும் சாட்சியே என்று தெளிவுபடுத்தியும்விட்டது. அதற்குள் அவருடைய பெயர் கொலையாளியின் பெயராக உலகைச் சுற்றி வந்தது. மொராக்கோக்காரன் சுட்டான் என்ற தவறான பதிவை நீக்கும்படி ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியைக் கனடியப் பிரதமர் அலுவலகமே கேட்க வேண்டியதாயிற்று. சுட்டவன் கனடாவிலேயே பிறந்து வளர்ந்த வேறொரு மாணவன்.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேர் கொல்லப்பட்டபோதும் முதல் சில மணி நேரம் இஸ்லாமியத் தீவிரவாதம் என்றே பல ஊடகங்கள் பேசின. பிடிபட்டவன் முஸ்லிம்களை வெறுத்த ஒரு நார்வே நாட்டவன்.

இதைப் படிக்கையில் நமக்கு அநீதி இழைக்கப்பட்டதென்று மனம் கொதிக்கிறது. நியாயமே. அதே நியாயத்துடன் இன்னொன்றையும் பாருங்கள். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 பிஞ்சுக் குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். அதற்கும் காரணம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ஒலிபரப்பாளர், அது நடிகர்களைக் கொண்டு நடத்திய நாடகம் என்று பரப்பினார். அதை நம்பியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் துரத்தி மிரட்டினார்கள். 2022இல் கனெக்டிகட் மாநில நீதிமன்றத்தின் நடுவர் குழு, அக்குடும்பங்கள் உள்ளிட்டோருக்கு அவர் 96.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. நான் தலையசைத்த அந்த "நாடகம்" என்ற சொல்லும் இதே வகையைச் சேர்ந்ததுதான்!

மார்க்கம் காட்டும் எல்லை

ஒரு போர்க்களத்தில் எதிரி ஒருவர் கலிமாவை மொழிந்த பின்னும் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆயுதத்துக்கு அஞ்சியே அவர் மொழிந்தார் என்று காரணம் கூறினார்கள். அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கண்ணெதிரே நின்றவரின் உள்நோக்கத்தை யூகித்ததற்கே அத்தனை கண்டனம்! செய்தி கொண்டு வருபவனை நம்புமுன் தீர விசாரிக்க வேண்டும் என்பதும், பெரும்பாலான யூகங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6, 12ஆம் வசனங்கள் தரும் கட்டளைகள்.

அப்படியானால் காரணத்தைத் தேடவே கூடாதா? தேட வேண்டும், தேடும் பொறுப்பும் தகுதியும் உடையவர்கள் தேட வேண்டும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்கள் இரண்டில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். அங்கே காரணம் யூகமல்ல. முஸ்லிம்கள் மீதும் குடியேறியவர்கள் மீதுமான வெறுப்பைக் கொலையாளியே எழுதி வைத்திருந்தான். தெரிந்ததைத் தெரியாததுபோல் பூசி மெழுகுவதும் அநீதியே. அந்நாட்டு அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2020 டிசம்பரில் வெளியானது.

எப்படிச் செய்தான் என்ற கேள்விக்கும் இவ்வாறே எல்லை உண்டு. இத்தனை ஆயுதங்கள் ஒருவன் கைக்கு எப்படி வந்தன, சட்டத்தில் எங்கே ஓட்டை என்று கேட்பது உயிர்களைக் காக்கும் கேள்வி. லாஸ் வேகாஸ் கொலைகாரன் பயன்படுத்திய, துப்பாக்கியை மிக வேகமாகச் சுடவைக்கும் இணைப்புக் கருவியை 2018 டிசம்பரில் அமெரிக்க அரசு தடை செய்ததும், அத்தடையை 2024இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றதும் அத்தகைய கேள்வியின் தொடர்ச்சியே. நியூசிலாந்து ஒரே மாதத்துக்குள் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனால் அவன் திட்டமிட்ட விதத்தை ரசித்துப் பேசுவதும் கொலைக் காட்சிகளைப் பகிர்வதும் அடுத்த கொலைகாரனுக்குப் பாடம் நடத்துவதாகும். கிரைஸ்ட்சர்ச் கொலையாளி எழுதியதை வைத்திருப்பதையும் பகிர்வதையுமே நியூசிலாந்து குற்றமாக்கியது. அன்றைய பிரதமர் ஜெஸிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் ஸலாம் கூறித் தொடங்கிய உரையில், அவன் பெயரைத் தான் உச்சரிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். இக்கட்டுரையிலும் எந்தக் கொலைகாரனின் பெயரும் இடம்பெறாதது அதனால்தான்.

நம் இல்லங்களில்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவிய நாட்களில், அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களிடம் அவர்களுடைய துணைவியார் அப்பேச்சைப் பற்றிக் கேட்டார். அப்படி ஒன்றை நீ செய்வாயா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார் துணைவியார். உன்னைவிட ஆயிஷா மேலானவராயிற்றே என்றார்கள். அந்த வீட்டுக்குள் வந்த வதந்தி அந்த வீட்டோடு முடிந்துபோயிற்று.

நம் வீடுகளிலும் அது இயலும். இத்தகைய செய்தி வரும்போது பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். "இன்னும் தெரியவில்லை, விசாரிக்கிறார்கள்" என்று கூறுங்கள். அப்படிச் சொல்வதில் தந்தைக்கோ தாய்க்கோ எந்த இழிவும் இல்லை. பெயரோ முகமோ காட்டி, இவன்தான் என்று வரும் தகவலை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். முன்பு அனுப்பியது பொய்யென்று தெரிந்தால், அனுப்பிய அதே ஆட்களுக்கு அதைத் தெரிவித்துவிடுங்கள். நானும் அந்த இளைஞரை மறு ஜும்ஆவில் தேடிப் பிடித்து, "தம்பி, அன்று நான் தெரியாமல் தலையசைத்துவிட்டேன்" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டேனே ஹஜ்ரத்!" என்றார்.

அந்தப் பத்துப் பேரையும் நான் அறியேன், அல்லாஹ் அறிவான். நாவின் தீங்கைவிட்டும் யூகத்தின் பாவத்தைவிட்டும் அவன் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! அநியாயமாக உயிர்களை இழந்து தவிக்கும் குடும்பங்களுக்கு ஆறுதலை அருள்வானாக! ஆமீன்.