எழ மறுக்கும் கணினி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களின் பல வீடுகளுக்குக் கணினி என்னும் சாதனம் முதன்முதலாக வந்து சேர்ந்தது பள்ளிப் பிள்ளைகளின் கைவழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய அந்த யந்திரங்கள், படித்த பிள்ளை வேலைக்குப் போன பின்னும் வீட்டிலேயே தங்கி, பட்டா நகல், பயிர்க் காப்பீட்டு ரசீது, மதிப்பெண் பட்டியல், கல்யாணப் படங்கள் என்று குடும்பத்தின் சகல ஆவணங்களையும் சுமக்கலாயின. பேட்டரி ஓய்ந்துபோய்ச் சதா சார்ஜரிலேயே ஓடும் அப்படிப்பட்ட யந்திரம், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேளையில் கரண்ட் போனதால் அணைந்து, மறுபடி எழ மறுத்தால், வீட்டார் கலங்குவது நியாயமே.

ஆனால் அந்தக் கலக்கத்தில் செய்யப்படும் முதற்காரியமே பல வேளைகளில் விபரீதமாகி விடுகிறது. “சிஸ்டம் ஆன் ஆகல தம்பி, டிஸ்ப்ளே வரல” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “பார்மட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டுருவோம்க்கா” என்ற பதில் சில கடைகளில் ஆயத்தமாகவே இருக்கிறது, உள்ளே இருக்கிற போட்டோ என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றாமல் தலையசைத்துவிட்டு வந்து, பிறகு வருந்தியவர்கள் அநேகர். கணினி எழாமற் போவதும், அதனுள் உள்ளவை அழிந்து போவதும் வெவ்வேறு விஷயங்கள். எழும் சக்தியை இழந்துவிட்ட யந்திரத்தினுள்ளும் ஆவணங்கள் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் கிடப்பதுண்டு. ஆதலால் முதலில் ஆவணங்களை மீட்க வேண்டும், யந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கிரமத்தை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதற்கு உலகமே சாட்சியாக நின்ற நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. 78 நிமிஷங்களில் அந்நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோதிலும், முன்பே விழுந்தவற்றுக்கு அதனால் பிரயோஜனம் ஏற்படவில்லை; எழாத யந்திரத்துக்கு இணையத்தின் வழியே மருந்து அனுப்புவது எங்ஙனம்? நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை அமர்க்களத்துக்கும் முக்கிய வைத்தியமாக அமைந்தது எது என்றால், ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் உட்கார்ந்து, அதைச் ‘சேஃப் மோடில்’ எழுப்பி, அந்த ஒரே ஒரு கோப்பை நீக்கியதுதான். எவரும் 85 லட்சம் யந்திரங்களையும் பார்மட் செய்யவில்லை. அந்த மென்பொருள் நிறுவனங்களுக்கென்றே விற்கப்படுவதாகையால் வீட்டுக் கணினிகள் தப்பின. எனினும் வைத்திய முறை வீட்டுக்கும் பொதுவானதே.

யந்திரம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை நிதானமாகக் கவனித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாமல், விசிறி சுழலாமல் இருந்தால் கோளாறு மின்சார வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். வேறு பிளக்கில் மாட்டிப் பார்ப்பதும், வயரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டு மறுபடி முயல்வதும் எவரும் செய்யக்கூடியவை. மேஜைக் கணினியில் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. வயரைப் பிடுங்கிய பின்னும் அதனுள் அபாயகரமான மின்சாரம் நிற்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்து, ‘பீப் பீப்’ என்ற ஓசை கேட்டால், அது யந்திரம் தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்டு சொல்லும் குறை. அநேகமாக அது ரேம் என்னும் நினைவகப் பட்டையைப் பற்றியதாக இருக்கும். கரிசல் காட்டுக் கோடையில் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிற மெல்லிய புழுதி, பெட்டிக்குள் புகுந்து படிவது சகஜம். மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, இரும்புச் சட்டத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, ரேம் பட்டையின் இருமுனைக் கொக்கிகளையும் விலக்கினால் பட்டை தானே சிறிது மேலெழும்பும். அதன் அடியோரத்துப் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ரப்பர்த் துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு (வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்), வெட்டுக் குறி பொருந்தும்படி வைத்து, இரு பக்கமும் ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்த வேண்டும். பத்து நிமிஷத்தில் முடியும் இந்தக் காரியத்தால் உயிர் பெற்ற யந்திரங்கள் எத்தனையோ.

கம்பெனி முத்திரை திரையில் தோன்றிய பிறகு நின்றுவிடுமாயின், கவனம் ஹார்ட் டிஸ்க்கின் பக்கம் திரும்ப வேண்டும். பழைய சுழலும் வகையாக இருந்தால் காதை அருகே வைத்துக் கேட்கலாம். ‘டிக், டிக்’ என்று சீராக அடித்துக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். தட்டின் மேல் மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்ல வேண்டிய முனை இடம் தவறுகிறது என்பதற்கு அது அடையாளம். திரும்பத் திரும்ப ஆன் செய்வதால், மீட்கக்கூடியதும் மீட்க முடியாததாகிவிடும். அந்த நிலையில் டேட்டா மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதே உசிதம்.

அத்தகைய ஓசை இல்லையெனில், சிநேகிதர் வீட்டுக் கணினியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிவந்து, பழுதான யந்திரத்தை அதிலிருந்தே எழுப்பலாம். சென்னையில் சி-டாக் அமைப்பு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதற்கு உதவும். எல்காட் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அது சேர்ந்தே வந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் ‘லைவ்’ முறையில் ஓடவிட்டால், விண்டோஸ் படுத்துக் கிடக்கும்போதே அதன் கோப்புகள் திரையில் வந்து நிற்கும்; அவற்றை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் ‘செக் டிஸ்க்’ முதலிய வித்தைகளை இதற்கு முன்பே பிரயோகிப்பது, நலிந்த டிஸ்க்கை மேலும் நலியச் செய்யும்.

நகல் கைக்கு வந்த பிறகு தைரியமாக விண்டோஸைக் கவனிக்கலாம். ஏறும்போதே இரண்டு மூன்று தரம் தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே பழுது நீக்கும் நீலத்திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், பழைய தேதியின் நிலைக்குத் திரும்பும் சிஸ்டம் ரெஸ்டோர், அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் கொண்டு எழும் சேஃப் மோட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு இருப்பதால் 48 இலக்கத் திறவுகோல் கேட்கும். அது இன்றி லினக்ஸாலும் உள்ளே நுழைய முடியாது. மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். யந்திரம் நன்றாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வது நலம். இவை யாவும் பலிக்காதபோது, கோப்புகளை வைத்துக்கொண்டு புதுப்பிக்கும் ‘ரீசெட்’டை நாடலாம், அதில் படங்கள் தங்கும், நாமாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும். பார்மட் அதற்கும் அப்பால் உள்ள கடைசிப் படி.

தேதியும் நேரமும் ஒவ்வொரு தரமும் பழைய வருஷத்துக்கே போய் நிற்குமானால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். வாட்ச் கடையிலேயே அது கிடைக்கும்.

ஐப்பசியில் வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கினால், சுவிட்சை அணைத்ததோடு நில்லாமல் பிளக்கைப் பிடுங்கி வைப்பதோடு, மோடத்துக்கு வரும் கேபிள் செம்புக் கம்பியாக இருக்குமாயின் அதையும் கழற்றிவிட வேண்டும். மின்னலின் வேகம் அந்த வழியாகவும் மதர்போர்டை எட்டிவிடும்.