நூலகத்தில் தொடங்கும் ஈஆர்பி

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிப் பகுதியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் உள்ளன. அங்கே ஒரு சிறு பட்டறைக்காரருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: ஜாப் ஒர்க்குக்குப் போன உருப்படி எத்தனை, திரும்பியது எத்தனை, எந்த பில்லுக்கு இன்னும் பணம் வரவில்லை. இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மும்பையில் ருஷப் மேத்தா, குடும்ப அறைகலன் தொழிலுக்குக் கொண்டுவந்த ஈஆர்பி (நிறுவன வளத் திட்டமிடல்) மென்பொருள் சரிப்படாததால், தானே எழுதத் தொடங்கியது இது. 2008-ல் அதற்கென நிறுவனமும் வந்தது. ஈஆர்பிநெக்ஸ்டைத் தாங்கி நிற்பது ஃபிராப்பே என்ற சட்டகம். இரண்டுக்கும் மூலநிரல் திறந்தே இருக்கிறது.

ஆனால் இதைக் கற்க விண்டோஸ் மடிக்கணினியோடு வரும் கல்லூரி மாணவருக்கு முதல் நாளே சோதனைதான். ஃபிராப்பேயை விண்டோஸில் நேரடியாக நிறுவ முடியாது. லினக்ஸ் வேண்டும்; இல்லையென்றால் டாக்கர் போன்ற மாற்றுவழி வேண்டும். பைத்தான், நோட், மரியாடிபி, ரெடிஸ் ஆகியவற்றில் ஒன்றின் பதிப்பு ஒத்துவராவிட்டாலும் வேலை நின்றுவிடும். சட்டகத்தைத் தொட்டுப் பார்க்காமலே ஆர்வம் வடிந்துபோவது இங்கேதான்.

உள்ளே நுழைந்துவிட்டால் இருப்பது எளிமையான யோசனை. அதன் பெயர் டாக்டைப். பெயர் வைத்து, தேவையான புலங்களைச் சேர்த்து, 'சேவ்' அழுத்தினால் தரவுத்தள அட்டவணை, நிரப்பும் படிவம், பட்டியல் பக்கம் எல்லாம் தானாக உருவாகும். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். அதிகாரபூர்வப் பயிற்சி இதை ஒரு நூலகத்தைக் கட்டிக் கற்றுத்தருகிறது: நூல், உறுப்பினர், உறுப்பினர் சந்தா, புத்தகம் எடுத்ததும் திருப்பியதும். நல்ல தேர்வு. பற்று வரவு தெரியாதவருக்கும் நூலகம் தெரியும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு பில்லை 'சப்மிட்' செய்துவிட்டால் அதன் தொகையைத் திருத்த முடியாது. ரத்து செய்து, திருத்திய நகலை எழுத வேண்டும். கணக்காளருக்கு இது இயல்பு. பதிந்த வவுச்சரை அழித்து எழுதுவது அவர் மரபிலேயே இல்லை. கணினி மாணவரோ இதைக் கோளாறு என்று நினைத்துக் குழம்புவார். நிரலைவிட வணிக வழக்கம்தான் அவருக்குப் புதிது. பயிற்சிகள் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான்.

பளுவைக் குறைக்கும் வேலை கொஞ்சம் நடந்திருக்கிறது. 2022-ல் வெளியான 14-ஆம் பதிப்பில் மனிதவளம், சம்பளம் ஆகியவை தனிச் செயலியாகப் பிரிந்தன. மருத்துவமும் கல்வியும் அப்படியே வெளியேறின. புதியவர் முன்னால் விரியும் காடு அந்த அளவுக்குச் சுருங்கியது.

மிச்ச வேலை நம்முடையது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. நூலகத்துக்கு அடுத்த பாடமாக, சலான் போட்டு ஜாப் ஒர்க் அனுப்பும் ஒரு பட்டறையை எடுத்துக்கொண்டு, கணக்காளர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் ஒரு பயிற்சி எழுதுங்கள்.