புளி முந்தினால் பருப்பு வேகாதது ஏன்?

சாம்பாரில் துவரம்பருப்பு குழைய வெந்த பின்பே புளி கரைத்து ஊற்றப்படுவதற்குத் தெளிவான வேதியியல் காரணம் உண்டு. பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் நார்ப்பொருள் கொதிநீரில் சிறு துண்டுகளாக உடைந்து கரையும்போதுதான் உயிரணுக்கள் பிரிந்து பருப்பு மசிகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் முன்னதாகவே சேர்ந்துவிட்டால் அந்த உடைவு மந்தமாகி, நெடுநேரம் கொதித்தாலும் பருப்பு விதைவிதையாகவே நிற்கும். புளிக்குழம்பில் கத்தரிக்காய் கரையாமல் துண்டாக நிற்பதும் இதனாலேயே. அங்கே அமிலம் செய்வது உதவி.

உப்புச்சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகத் தாமதமாவதற்குக் காரணம் வேறு: அதில் மிகுந்துள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், பெக்டின் இழைகளைப் பிணைத்து இறுக்கிவிடுகின்றன. வெப்பமும் ஈரமும் பட்டு மாதக்கணக்கில் கிடந்த கொண்டைக்கடலையிலோ, இந்த அயனிகளைப் பிடித்துவைத்திருந்த ஃபைட்டிக் அமிலம் சேமிப்பின்போதே சிதைந்து அவற்றை உள்ளுக்குள்ளேயே விடுவிக்கிறது. ஆகவே நல்ல நீரிலும் அது எளிதில் வேகாது.

சமையல் சோடா பெக்டினை விரைந்து கரைக்குமெனினும், பருப்பு தரும் அரிய சத்தான தயமின் எனப்படும் வைட்டமின் பி1 காரத்தில் அழிவதால், அது விரும்பத்தக்க வழியன்று. முதல்நாள் இரவே ஊறவைத்து, ஏறத்தாழ 120 பாகை செல்சியசை எட்டும் குக்கரில் வேகவைப்பதே மேல்.