தற்காலிக ஆசிரியர் வேலை: சம்பளம் எவ்வளவு? எத்தனை நாளைக்கு?

தென்காசி மாவட்டம் திருவேங்கடமோ, சென்னையோ... அரசுப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியா இருந்தா என்ன நடக்கும்? பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை நியமிக்கலாம். 2022 ஜூனில் இப்படி 13,331 இடங்களை நிரப்ப தமிழக அரசு உத்தரவிட்டது.

அப்போது அறிவித்த மாதச் சம்பளம்:

▪ இடைநிலை ஆசிரியர்: ரூ.7,500
▪ பட்டதாரி ஆசிரியர்: ரூ.10,000
▪ முதுகலை ஆசிரியர்: ரூ.12,000

பின்னர் இது முறையே ரூ.12,000, ரூ.15,000, ரூ.18,000 என உயர்ந்தது.

சிக்கல் எங்கே? அதே வகுப்பு, அதே பாடம்தான். ஆனா நிரந்தர இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே ரூ.20,600, படிகள் தனி.

அதோட, ஆசிரியர் தேர்வு வாரியம் மூலமோ பதவி உயர்விலோ நிரந்தர ஆசிரியர் வந்துட்டா, தற்காலிக ஆசிரியர் இடத்தைக் காலி செய்யணும். அது கல்வியாண்டின் நடுவில் என்றாலும் சரி. அதனால சேரும் முன்பே, எந்த மாதம் வரை வேலைன்னு கேட்டுக்கோங்க.