வராதவர்களின் போராட்டம்

2016 மே 25 அன்று வாஷிங்டன், லண்டன் உள்ளிட்ட பல நகரங்களில் ஒரு போராட்டம் நடந்தது. வீதியில் காலி ஷூக்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு உரியவர்களில் பலரால் படுக்கையை விட்டு எழ முடியாது. அவர்களுக்கு வந்திருப்பது மயால்ஜிக் என்செஃபலோமைலிட்டிஸ், சுருக்கமாக எம்.இ. கொஞ்சம் கூடுதலாக உழைத்தாலும், சில சமயம் படித்தாலோ பேசினாலோகூட, மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாக விழுந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயுடன் வாழ்வதாக 2015-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் மதிப்பிட்டது.

போராட்டத்தை நடத்திய ‘மீஆக்‌ஷன்’ அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் ஜெனிஃபர் ப்ரேயா. ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர், 2011-இல் கடும் காய்ச்சலில் விழுந்தார். எல்லாம் மனம் சார்ந்தது என்றார் நரம்பியல் மருத்துவர். தன் நிலையைக் கைபேசியில் பதிவு செய்யத் தொடங்கிய ப்ரேயா, பிறகு படுக்கையில் இருந்தபடியே இணையவழியில் பல நாட்டு நோயாளிகளைப் பேட்டி கண்டு, ‘அன்ரெஸ்ட்’ என்ற ஆவணப்படத்தை இயக்கினார். 2017-இல் அது சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

நோயாளிகளே நடத்தும் இத்தகைய அமைப்புகளில் கதை சொல்வது பாதி வேலைதான். படம் பார்த்துக் கண் கலங்கியவரிடம் அடுத்து என்ன கேட்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ‘விழிப்புணர்வு’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான அனுதாபம்தான் கிடைக்கும். பிரிட்டனில் கோரிக்கை குறிப்பாக இருந்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதை நிறுத்துங்கள், உடலியல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள், மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றார்கள். 2019 ஜனவரியில் இதையொட்டிய தீர்மானம் நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த உடற்பயிற்சிச் சிகிச்சை நீக்கப்பட்டது.

இதைப் படத்தின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. அந்தச் சிகிச்சைக்குத் துணை நின்ற ‘பேஸ்’ ஆய்வு 2011-இல் லான்செட் இதழில் வந்தது. 641 பேர் பங்கேற்ற ஆய்வு. நோயாளிகளே அதை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் தகவல் கேட்டுப் போராடியதால், தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி 2016-இல் தரவுகள் வெளியாயின. ஆய்வுக்கு முதலில் வகுத்திருந்த அளவுகோலின்படி மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் விகிதம் வெகுவாகக் குறைந்தது. கதை சொல்பவருக்குப் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும் என்பேன்.

இத்தகைய அமைப்பின் நிர்வாகமும் வேறு மாதிரி அமைய வேண்டும். தலைவரும் நோயாளி, தொண்டரும் நோயாளி. ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினாலே சிலருக்கு அடுத்த இரண்டு நாள் போய்விடும். எழுத்தில் பேசி முடிப்பதும், ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரை வைத்துக்கொள்வதும், நன்கொடையாளரிடம் கெடு சொல்லும்போது தாராளமாக அவகாசம் கேட்பதும் இங்கே சலுகைகள் அல்ல. கதை கொடுத்தவர் நாளை மனம் மாறி, தன் பதிவை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு: பேச முடிந்தவர்களின் கதைதான் நமக்கு எட்டும். இருட்டறையில், சத்தம் தாங்காமல் கிடப்பவரைப் பற்றி அவருடைய தாயோ கணவரோதான் சொல்ல வேண்டியிருக்கும்.

2019-இல் ப்ரேயாவின் கதையே மாறியது. கழுத்து எலும்பு இணைப்பின் தளர்ச்சிக்கும் தண்டுவடக் கோளாறுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் தன் நோய் அறிகுறிகள் நீங்கிவிட்டதாக அறிவித்தார். உலகம் முழுக்க அவர் முகத்தை அறிந்த நோயாளிகளுக்கு, தங்களுக்கும் அதே கோளாறு இருக்குமோ என்ற கேள்வி எழுவது இயல்பு. அது கழுத்தில் கத்தி வைக்கும் பெரிய அறுவை சிகிச்சை; எம்.இ. உள்ள எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று இல்லை. நல்ல செய்தியைக் கொண்டாடும் அதே அறிக்கையில் இந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுவது தலைமையில் இருப்பவரின் வேலை.